பீங்கான் என்ற சொல்லும் நுவரெலியாவின் வெண்களியும்

நாளாந்தம் வீட்டில் புழங்கும் சொற்களின் ஊர் எதுவென்று நாம் கேட்பதில்லை. 'பீங்கான்' அத்தகைய ஒரு சொல். பாரசீக மொழியில் 'பிங்கான்' என்றால் கிண்ணம். அரபுக்குள் நுழைந்தபோது, அங்கே 'ப' ஒலி இல்லாமையால், அது 'ஃபின்ஜான்' ஆயிற்று. கஹ்வா அருந்தும் சிறு கிண்ணத்துக்கு அரபு நாடுகளில் இன்றும் அதுவே பெயர். தமிழும் சிங்களமும் பாரசீக வடிவத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டன. விருந்துகளில் ஐந்தாறு பேர் சூழ அமர்ந்து உண்ணும் 'சஹன்' நேரே அரபிலிருந்து வந்த சொல். 'கோப்பை' போர்த்துக்கேயரின் மிச்சம் என்பர்.

பெயர்கள் கடல்வழி வந்தன என்றால் பொருளும் கடல்வழி வந்தது என்றே கொள்ளவேண்டும். சட்டி, பானை, முட்டி, குடம் என்று வெறும் சுட்ட மண்ணுக்கு நம்மிடம் சொற்கள் ஏராளம். அந்த மண்ணின்மேல் கண்ணாடிபோல் உருகிப் படியும் மெருகுப்பூச்சுக்கு, அதாவது இன்று தொழிலாளர்கள் 'கிளேஸ்' என்று சொல்வதற்கு, நிலைத்த தமிழ்ச் சொல் ஒன்று இல்லை. உலகம் முழுவதும் அருந்தும் தேநீரை விளைவிக்கும் எமது மலையகத்தில், அந்தத் தேநீரை ஊற்றிக் குடிக்கும் கோப்பை ஏன் விளையவில்லை என்ற கேள்விக்கு இந்தச் சொல்லின்மையும் ஒரு தடயம். கோப்பைக்கு வேண்டிய மண் அங்கே இல்லாமலில்லை. மண் இருந்தும் கைத்தொழில் ஏன் எழவில்லை என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

மாந்தையில் இறங்கிய கிண்ணங்கள்

மன்னார்க் கரையில் மாந்தைத் துறைமுகம் இருந்த இடத்தில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்வு நடந்தது. மேற்காசியாவின் நீலப்பச்சை மெருகிட்ட சாடிகளின் துண்டுகளும் சீனப் பாத்திரத் துண்டுகளும் அங்கே ஒரே மண்ணடுக்குகளில் கிடைத்தன. பாரசீக வளைகுடாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த சரக்கு நடுவில் கைமாறிய இடங்களுள் மாந்தையும் ஒன்று. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998 இல் கண்டெடுக்கப்பட்ட மூழ்கிய கப்பல் இந்தப் படத்தை இன்னும் தெளிவாக்கியது. கயிற்றால் தைத்த பலகைகளைக் கொண்ட அரபுவகைக் கலம் அது. அதிலிருந்து ஏறத்தாழ 60,000 பாத்திரங்கள் எடுக்கப்பட்டன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826 க்குரிய சீன ஆண்டுக் குறிப்பு இருந்தது.

சீனாவின் வெண்பாத்திரம் பஸ்ராவை அடைந்தபோது அங்குள்ள குயவருக்கு ஒரு சிக்கல் எழுந்தது. அவர்களிடம் வெண்களி இல்லை; அவ்வளவு உயர்ந்த வெப்பத்தை எட்டும் சூளையும் இல்லை. 9 ஆம் நூற்றாண்டில் அவர்கள் கண்ட வழி, ஈயக் கண்ணாடிப் பூச்சினுள் வெள்ளீயத்தைக் கலப்பது. வெள்ளீயத்தின் நுண்துகள்கள் கண்ணாடிக்குள் கரையாமல் மிதந்து ஒளியைத் தடுத்தன. மஞ்சள் மண் மறைந்து மேற்பரப்பு வெண்மையாயிற்று. இல்லாத மண்ணை இரசவாதத்தால் ஈடுசெய்தார்கள் எனலாம். ஐரோப்பாவின் மயோலிக்காவும் டெல்ஃப்ட்டும் இந்தக் கண்டுபிடிப்பின் பேரப்பிள்ளைகள்.

காஷான் நகரக் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் 1301 இல் பாரசீகத்தில் ஒரு நூல் எழுதினார். இரத்தினங்களையும் வாசனைத் திரவியங்களையும் பற்றிய அந்நூலின் ஒரு பகுதி மட்பாண்டத்துக்குரியது. பாத்திர உடலுக்கு அவர் தரும் அளவு: அரைத்த படிகக்கல் 10 பங்கு, உருக்கி அரைத்த கண்ணாடி 1 பங்கு, வெண்களி 1 பங்கு. தொழில் இரகசியத்தைத் தகப்பன் மகனின் காதில் மட்டும் சொன்ன காலத்தில், தொழிலறிந்த வீட்டிலிருந்தே ஒருவர் அளவுகளை எழுதிவைத்தது பெரிய காரியம். எடையும் விகிதமும் எழுத்தில் இருந்தால்தான் அடுத்த தலைமுறை சோதித்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

டெனன்ட் கண்ட 'கிரிமெட்டி'

1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859 இல் இலங்கை பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். அதன் கனிமப் பகுதியில் சில வரிகள் எம் கவனத்துக்குரியவை. நுவரெலியாவின் அயலிலும் ஹேவாஹெட்டவிலும் கடுகண்ணாவையிலும் உயர்ந்த மலைத்தொடர்கள் பலவற்றிலும் கயோலின் என்னும் வெண்களி கிடைக்கிறது. பீங்கான் செய்யத்தக்க தூய நிறம் அதற்குண்டு. ஆனால் ஏற்றியிறக்கும் செலவு கட்டுப்படியாகாமையால் வணிகத்துக்கு உதவவில்லை. சுண்ணாம்புக்குப் பதிலாகச் சுவருக்கு வெள்ளையடிக்கவே பயன்படுகிறது என்பது அவர் தரும் செய்தியின் சாரம். சிங்களத்தில் இதற்குக் கிரிமெட்டி, அதாவது பால்மண், என்று பெயர்.

இந்த மண் எப்படி உண்டாகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. மலைநாட்டின் அடிப்பாறைகளில் பெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் நிறைய உண்டு. இலட்சக்கணக்கான ஆண்டுகள் பெய்யும் மழை அதிலுள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் கரைத்துக்கொண்டு போக, எஞ்சுவது கயோலின். சிதையாத பெல்ட்ஸ்பாரும் சிதைந்த கயோலினும் ஒரே பாறையின் இரு வயதுகள். முதலாவது சூளையில் உருகும். இரண்டாவது உருக மறுத்து உருவத்தைத் தாங்கும். பீங்கானுக்கும் அதன் பூச்சுக்கும் இவ்விரண்டும் வேண்டும்.

ஏற்றியிறக்கும் செலவு என்ற தடை நெடுங்காலம் நீடிக்கவில்லை. கண்டிக்கு 1867 இல் ரயில் வந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை மலையேறியது. ரயில் 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. இப்போது மண்ணை இறக்கப் பாதை உண்டு. இறங்கியதோ தேயிலைப் பெட்டிகள் மட்டுமே. வெண்களியை நாடி எவரும் வரவில்லை. அந்த நிலம் பயிருக்காக அளக்கப்பட்டுவிட்டது. நிலத்தின் மேலே வளர்வதற்கே அங்கே விலை இருந்தது. கீழே கிடப்பதற்கு இல்லை.

குயத்தொழில் இலங்கைக்கு அந்நியமானதன்று. கண்டிச் சாலையில் கேகாலைக்கு அருகேயுள்ள மொலகொட இன்றும் மட்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற ஊர். ஆனால் அத்தகைய ஊர்கள் யாவும் வயலையும் களிமண் எடுக்கும் தாழ்நிலத்தையும் விறகுக்காட்டையும் தம் பிடியில் வைத்திருந்த குடியிருப்புகள். குயவருக்குச் சக்கரம் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம், மண்ணெடுக்கும் குழியின்மீது உள்ள உரிமை.

லயத்துக் குவளை

தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பழைய மாந்தையின் அயலிலிருந்து புறப்பட்ட அந்தப் பாதை மாத்தளையில் முடிந்தது. 2023 இல், மலையகம் 200 நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்தபோது இந்தப் பாதை பலருக்கும் நினைவூட்டப்பட்டது.

லயத்து வாழ்வில் அவர்களுக்கென்று ஒரு துண்டு மண் இருக்கவில்லை. அறை தோட்டத்துக்குரியது, வாசல் தோட்டத்துக்குரியது. அடுப்பெரிக்கக் கவ்வாத்துச் சுள்ளி கிடைத்தது. சூளை எரிக்கும் விறகு கிடைக்கவில்லை. குடிக்கச் சிரட்டையும் பித்தளைச் செம்பும் பின்னர் எனாமல் குவளையும் வந்தன. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களின் 'நானா' கடைகளுக்கும் தோட்டத்து மக்களுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலில் இந்தக் குவளைக்கும் ஓரிடம் உண்டு. எனாமல் என்பதும் இரும்புத் தகட்டின்மேல் உருகிய கண்ணாடிப் பூச்சுத்தான். ஆக, மலையகத்து மக்களின் கைக்குக் கிளேஸ் வராமலில்லை. எங்கோ செய்யப்பட்டு, இரும்பின்மேல், விலைக்கு வந்தது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தது. அடுத்த ஆண்டு எந்த நாட்டில் இருப்போம் என்று அறியாதவர் சூளை கட்டமாட்டார். மண்பாண்டக் கலையின் வரலாறு எழுதுவோர் களியின் தன்மையையும் வெப்பத்தையும் குறிப்பிடுவர். காணி உறுதியைக் குறிப்பிடுவதில்லை. மலையகத்தைப் பொறுத்தவரை முதற்காரணம் அதுவே என்பது என் துணிபு.

மாத்தளையின் பெல்ட்ஸ்பார்

மலைமண்ணை நாடிக் கைத்தொழில் வந்தபோது அது அரசின் வழியாக வந்தது. இலங்கை மட்பாண்டக் கூட்டுத்தாபனம் 1955 இல் அமைந்தது. நீர்கொழும்பிலும் பிலியந்தலையிலும் அதன் ஆலைகள் இயங்கின. 1972 இல் ஜப்பானின் நொரிடாக்கே நிறுவனத்துடனான கூட்டு முயற்சி மாத்தளையில் தொடங்கப்பட்டது. உயர்தரப் பெல்ட்ஸ்பார் மாத்தளை மாவட்டத்திலேயே கிடைக்கிறது. போரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் கயோலின், நாத்தாண்டியா–மாரவிலைப் பக்கத்தில் சிலிக்கா மணல், கண்டி–மாத்தளைப் பகுதிகளில் டொலமைட் என்று வேண்டிய மற்றவையும் தீவுக்குள் உண்டு. தொழிலாளர் கால்நடையாக வந்து சேர்ந்த அதே மாத்தளையிலிருந்து ஏற்றுமதிப் பீங்கான் புறப்பட்டது. ஆயினும் தேயிலைத் தோட்டங்களின் வட்டத்துக்குள் இந்தக் கைத்தொழில் ஏறவில்லை. நுவரெலியாவின் கிரிமெட்டி டெனன்ட் எழுதிய இடத்திலேயே நின்றது.

மங்கலும் பளபளப்பும்

இன்று சிறு கலைக்கூடங்கள் விரும்புவது ஆலைப்பீங்கானின் கண்கூசும் பளபளப்பை அன்று. பட்டுத்துணியைத் தடவினாற்போல் வழவழப்பும், ஒளியைத் திருப்பியடிக்காத மென்மையும் உள்ள பூச்சையே. இதைச் 'சாட்டின் மெட்' என்கிறார்கள். பழைய சீன, கொரியப் பாத்திரங்களில் காணப்பட்ட இந்த மென்மையை மேற்குலகம் தனியே ஆராயத் தொடங்கியது 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில். பொஸ்டனில் வில்லியம் குரூபி தமது மங்கல் பச்சைப் பூச்சால் பெயர்பெற்றார். 1900 இல் நியூயோர்க் மாநிலத்தின் அல்ஃபிரட் மட்பாண்டக் கல்லூரிக்குத் தலைவரான சார்ள்ஸ் பின்ஸ் 1903 இல் மங்கல் பூச்சு பற்றி ஆய்வு வெளியிட்டார்.

மங்கல் இருவகைப்படும். ஒன்று, பூச்சு சரியாக உருகாததால் வரும் பொய் மங்கல். மற்றது, முற்றாக உருகிய பூச்சு ஆறும்போது கல்சியம், மக்னீசியம் சேர்ந்த நுண்படிகங்கள் மேற்பரப்பில் முளைப்பதால் வரும் மெய் மங்கல். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பொய் மங்கலில் தேநீர்க் கறை ஊறும், அமிலம் அரிக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, அதே ஓட்டை இன்னும் 20, 30 பாகை கூட்டிச் சுட்டுப் பார்ப்பது. பொய் மங்கல் பளபளத்துவிடும். மெய் மங்கல் பெரும்பாலும் மாறாது.

1886 இல் பேர்லினில் ஹெர்மன் சேகர், சூளையின் வெப்பத்தை அறிய உருகிச் சாயும் கூம்புகளை அறிமுகப்படுத்தினார். பூச்சின் சேர்மானங்களை எடையாலன்றி மூலக்கூறு எண்ணிக்கையால் ஒப்பிடும் முறையையும் அவர் தந்தார். 1912 இல் ஸ்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் அம்முறையைக் கொண்டு ஒரு வரைபடம் போட்டார். அலுமினாவின் ஒரு பங்குக்குச் சிலிக்கா ஏறத்தாழ 5 பங்குக்குக் கீழே இருந்தால் மங்கல். 7, 8 பங்குக்கு மேல் பளபளப்பு. இடையில் பட்டின் மென்மை. நூற்றாண்டு கடந்தும் இந்த வரைபடமே வழிகாட்டி.

மலைநாட்டுச் சரக்கைக் கொண்டு 1220 பாகை செல்சியஸ் அளவிலான நடுத்தர வெப்பத்துக்கு ஒரு தொடக்கக் கலவையைக் கணக்கிட்டால் இவ்வாறு வரும்: பெல்ட்ஸ்பார் 23, கயோலின் 26, டொலமைட் 13, அரைத்த படிகக்கல் 13, சுண்ணக்கல் தூள் 8, போரன் கண்ணாடித் தூள் 17. மொத்தம் 100 பங்கு. இதில் சிலிக்காவும் அலுமினாவும் ஏறத்தாழ ஐந்தரைக்கு ஒன்று. கயோலின் அதிகமாதலால் பூச்சு காயும்போது சுருங்கி வெடிக்கும். பாதியை முன்கூட்டியே சுட்டுக் கலந்தால் அது அடங்கும். இது கணக்கு மட்டுமே. ஒவ்வோர் ஊர் மண்ணுக்கும் சோதனை வேறு வேண்டும்.

சோதனை முறை கடினமானதன்று. கயோலினைக் குறைத்த அடிக்கலவை ஒன்றை எடுத்து ஐந்து கிண்ணங்களில் பிரித்து, கயோலினை 0, 5, 10, 15, 20 வீதமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். முதல் ஓடு பளபளக்கும். கடைசி ஓடு சொரசொரக்கும். நடுவில் எங்கே பட்டு தோன்றுகிறதோ அதையே மேலும் நுணுக்கலாம். அவுஸ்திரேலியரான இயன் கரி நான்கு மூலைக் கலவைகளிலிருந்து 35 கட்டங்களை நிரப்பும் முறையை வகுத்தார். அலுமினா ஒரு பக்கமும் சிலிக்கா மறுபக்கமும் ஏற, ஒரே ஓட்டில் ஸ்டலின் வரைபடம் கைக்குக் கிடைத்துவிடும். ஓடு செங்குத்தாக நிற்கவேண்டும். பூச்சு வழிகிறதா என்பது அப்போதுதான் தெரியும். சூளை ஆறும் வேகத்தையும் எழுதிவைக்கவேண்டும். 1000 பாகையிலிருந்து 800 வரை மெதுவாக ஆறினால் படிகம் வளரும். விரைந்து ஆறினால் அதே கலவை பளபளத்துப் பரிசோதகரை ஏமாற்றும்.

மலையகத்துக்குரிய சங்கடங்களும் உண்டு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கே. வாயுச் சூளையின் எரிமுனைகளை அதற்கேற்ப மாற்றாவிட்டால் காற்றுக் குறைந்து புகை சூழும். தென்மேல் பருவமழையில் ஹட்டன் பக்கத்தில் பாத்திரம் காய்வது அரிது. அவசரப்பட்டுச் சூளையில் வைத்தால் ஈரம் ஆவியாகி வெடிக்கும்.

பதினேழு பங்கும் சாம்பலும்

மேற்சொன்ன 100 பங்கில் 83 பங்கை இத்தீவிலிருந்து பெறலாம். எஞ்சிய 17 பங்கு போரன் இறக்குமதிச் சரக்கு. 2022 இன் டொலர் நெருக்கடியில் இறக்குமதியும் சமையல் வாயுவும் தட்டுப்பட்டு, நகரத்து வீடுகளும் விறகடுப்புக்குத் திரும்பியதை நாம் கண்டோம். அந்த 17 பங்கின் பொருள் அப்போதுதான் விளங்கும். போரனை நீக்க 1280 பாகை வரை ஏற்றிச் சுடவேண்டும். அந்த மேலதிக 60 பாகையை விறகாகவோ வாயுவாகவோ கொடுக்கவேண்டும். சுண்ணக்கல் தூளுக்கு ஈடாகச் சாம்பல் உதவும். தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று சொல்லும் தேயிலை ஆலைகளில் கொழுந்தைக் காயவைக்க விறகு எரிகிறது; லயத்து அடுப்பில் கவ்வாத்துச் சுள்ளி எரிகிறது. மரச்சாம்பலில் கல்சியமும் பொட்டாசியமும் மக்னீசியமும் சிறிது பொஸ்பரசும் உண்டு. அதை நீரில் ஊறவைத்து, தெளிந்த காரநீரைப் பலமுறை இறுத்து, அரித்துக் காயவைத்தால் பூச்சுக்கு ஆகும். அந்த நீர் கையைப் புண்ணாக்கும், கையுறை வேண்டும். ஒவ்வொரு மூட்டைச் சாம்பலும் வேறுபடுமாதலால் ஒவ்வொன்றையும் சோதிக்கவேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். பழைய மேற்காசியப் பூச்சுகளின் அழகுக்கு ஈயம் காரணம், அதுவே நஞ்சு. மங்கல் எளிதில் வருவதற்குப் பேரியம் சேர்ப்போர் உண்டு. உணவுப் பாத்திரத்துக்கு அதுவும் ஆகாது. எம்மவர் பிளேன்ரீயில் எலுமிச்சை பிழிவர். மீன் ஆணத்தில் புளி ஊற்றுவர். ஆகவே சோதனை ஓட்டின்மீது எலுமிச்சைத் துண்டை ஓரிரவு வைக்கலாம். வினாகிரியில் மூன்று நாள் ஊறவைக்கலாம். நிறம் மாறினால் அந்தக் கலவையைக் கைவிடவேண்டும். மாறாவிட்டாலும், விற்பனைக்கு முன் ஆய்வுகூடச் சான்று அவசியம்.

நைஜீரியாவில் நடந்தது

இதெல்லாம் நடக்கக்கூடியதா என்று கேட்போருக்கு ஓர் உதாரணம். ஆங்கிலக் குயவர் மைக்கல் கார்டியூ 1951 இல் நைஜீரியாவின் அபுஜாவில் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். உள்ளூர்க் களி, உள்ளூர்ப் பாறை, உள்ளூர்ச் சாம்பல் ஆகியவற்றைச் சோதித்தே அங்கே பூச்சுகள் செய்யப்பட்டன. சக்கரமின்றிக் கையாலேயே பெரிய நீர்ப்பானை வனையும் மரபில் வளர்ந்த லாடி குவாலி என்ற பெண் அங்கு சேர்ந்து தம் வடிவங்களுக்கு மெருகுப்பூச்சு இட்டார். நைஜீரியாவின் 20 நைரா தாளில் அவர் உருவம் இன்று இருக்கிறது. கார்டியூ தம் அனுபவத்தை 1969 இல் நூலாக்கினார். அபுல் காசிமைப் போலவே, அவரும் அளவுகளை எழுதிவைத்தார். ஆனால் லாடி குவாலி தம் ஊர் மண்ணைக் கேட்டு அனுமதி வாங்கவேண்டியவராக வளரவில்லை என்பதை மறக்கலாகாது.

எமது மலையகத்தில் 2003 ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமைச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. 2015 இன் பின்னர் 7 பேர்ச் காணியுடன் தனிவீடு என்ற கொள்கை வந்தது. அது இன்னும் எல்லோரையும் எட்டவில்லை. 7 பேர்ச்சில் ஒரு வீடும் சிறு தோட்டமும் அடங்கும். ஒரு சிறு சூளைக்கும் இடம் இருக்கும். மண்ணெடுக்கும் உரிமையும் விறகும் சாம்பலும் இன்னும் தோட்ட நிர்வாகத்தின் கையில். நுவரெலியாவின் வெண்களியைச் சோதித்து, அதன் அளவுகளைத் தமிழில் எழுதிவைக்கும் பணியைப் பாடசாலைகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் தொடங்கலாம். அதற்கு ஒரு சிறு மின்சூளையும் தராசும் குறிப்புப் புத்தகமும் போதும். டெனன்ட் அந்த மண்ணைப் பற்றி எழுதி 160 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அதன்மேல் வாழ்ந்த மக்கள் அதை எடுத்துத் தமக்கென ஒரு கோப்பை வனைந்து, அதற்கொரு பெயரும் வைக்கும் நாளில், கடல்வழி வந்த 'பீங்கான்' என்ற சொல்லுக்கு அருகே மலையிலிருந்தும் ஒரு சொல் வந்து சேரும்.